தொலைபேசிக் கம்பெனியும் கணக்கில் வராத மூன்றரை டிகிரியும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தியும் சுருக்கியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது இரைச்சலைப் பற்றி. தெருவில் கேட்கிற ஹாரன் சத்தம் இல்லை. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத இடத்தில் ஒரு 'உஸ்ஸ்' கேட்கும் பாருங்க, அந்த இரைச்சல். போனில் இரண்டு பக்கமும் பேச்சு நின்ற நொடியில் காதுக்குள் மெல்லிசாக ஓடுமே, அந்த இரைச்சல்.

இந்த 'உஸ்ஸ்' என்ன, எங்கிருந்து வருது என்று கண்டுபிடிக்க ஒரு தொலைபேசிக் கம்பெனி சம்பளம் கொடுத்து ஆள் வைத்தது. ஒருத்தர் இல்லை, தலைமுறை தலைமுறையாக ஆள் வைத்தது. அதில் ஒருவர் அணுக்களின் ஆட்டத்தை அளந்தார். இன்னொருவர் பால்வீதியின் நடுப்பகுதியைக் கேட்டார். இன்னும் இரண்டு பேர் பிரபஞ்சம் பிறந்தபோது மிஞ்சிய வெப்பத்தைப் பிடித்து நோபல் பரிசு வாங்கினார்கள். மூன்றுமே 'லைன் தெளிவா இருக்கணும்' என்ற ஒரே கவலையில் தொடங்கிய வேலைகள்.

அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனமும் அதன் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடமும்தான் இன்றைய கதை. டிரான்சிஸ்டர் அங்கே பிறந்தது, யூனிக்ஸ் அங்கே பிறந்தது என்றெல்லாம் பலமுறை கேட்டிருப்பீங்க. அதை இன்னொரு தடவை வரிசையாக ஒப்பிக்கப் போறதில்லை. இரைச்சல் என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போவோம். ஒரு கம்பெனி எப்போது அறிவியல் செய்கிறது, எப்போது செய்யாமல் விட்டுவிடுகிறது என்பது அந்த நூலில் நல்லாத் தெரியும்.

தூரம் கூடினால் இரைச்சலும் கூடும்

முதலில் பிரச்சினையைப் புரிஞ்சுக்கலாம். 1915-இல் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே போன் லைன் திறந்தாங்க. கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை. அவ்வளவு தூரம் போனால் குரல் கம்பியிலேயே தேய்ந்துவிடும். அதனால் வழியில் வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்களைப் போட்டு, தேய்ந்த குரலைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கினார்கள்.

இதில் ஒரு சிக்கல். ஆம்ப்ளிஃபயருக்குக் குரல் எது, இரைச்சல் எது என்று தெரியாது. வருகிற எல்லாத்தையும் பெரிசாக்கும். முதல் ஆம்ப்ளிஃபயரில் நுழைந்த சின்ன உஸ், அடுத்ததில் வளரும், அதற்கடுத்ததில் இன்னும் வளரும். கடைசியில் கேட்பவர் காதில் குரலும் உஸ்ஸும் சண்டை போடும். ஆக, தூரமாகப் பேச வேண்டுமானால் இரைச்சலின் வேரைக் கண்டுபிடித்தாக வேண்டும். இது தத்துவ விசாரம் இல்லைங்க, வியாபாரம்.

1925 ஜனவரியில் பெல் டெலிபோன் லேபரட்டரீஸ் தனி நிறுவனமாக உருவாகிறது. ஏடி அண்ட் டி-யும், அதற்குக் கருவிகள் செய்துகொடுத்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கும் சேர்ந்து நடத்தியது.

ஜான்சன் அளந்த ஆட்டம்

அங்கே ஜான் ஜான்சன் என்று ஒரு இயற்பியலாளர், ஸ்வீடனில் பிறந்தவர். ஆம்ப்ளிஃபயர் இரைச்சலை ஆராய்வது அவர் வேலை. இரைச்சலுக்குக் காரணம் வால்வு என்று பழி போடுவது சுலபம். வால்வில் இரைச்சல் உண்டு, அது உண்மைதான். ஆனால் ஜான்சன் கவனித்தது வேறு. வால்வின் வாசலில் இருக்கிற சாதாரண மின்தடை, அதாவது ரெசிஸ்டர், அதுவே சும்மா இருக்கும்போதும் இரைச்சல் தருது. பேட்டரி இணைக்கவில்லை, மின்னோட்டம் செலுத்தவில்லை. ஆனாலும் அதன் இரு முனைகளுக்கு நடுவே மிகச் சிறிய மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கு.

உலோகக் கம்பியில் பார்த்தார், கரியில் பார்த்தார், உப்புக் கரைசலில் பார்த்தார். பொருள் எதுவானாலும் கவலையில்லை. தடை எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு என்பதுதான் கணக்கு. குளிர வைத்தால் இரைச்சல் குறையுது, சூடாக்கினால் கூடுது.

ஏன் இப்படி? இன்னொரு பெல் லேப்ஸ்காரர், ஹாரி நைக்விஸ்ட், அவரும் ஸ்வீடனில் பிறந்தவர்தான், காரணத்தைக் கணக்காக எழுதினார். பொருளுக்குள் இருக்கிற எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் எப்போதும் துள்ளிக்கிட்டே இருக்கும். திருவிழாக் கூட்டம் மாதிரி. மொத்தக் கூட்டமும் எங்கேயும் போகவில்லை, ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொருத்தரும் அசைஞ்சுக்கிட்டே இருக்காங்க. எதேச்சையாக ஒரு நொடி இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம், அடுத்த நொடி அந்தப் பக்கம். அந்த ஏற்ற இறக்கம்தான் இரைச்சல். இருவரின் கட்டுரைகளும் 1928-இல் பிசிக்கல் ரிவ்யூ இதழில் வந்தன.

கம்பெனிக்கு இதனால் என்ன லாபம்? கண்டிப்பான ஒரு பதில் கிடைத்தது: "இதற்குக் கீழே இரைச்சலைக் குறைக்க முடியாது, முடியணும்னா குளிர வையுங்க." எங்கே நிறுத்திக்கணும் என்று தெரிவதும் பொறியியலில் பெரிய லாபம்.

அறிவியலுக்குக் கிடைத்த லாபம் இன்னும் பெரிது. இரைச்சலை டிகிரியில் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. இந்த இரைச்சல் எத்தனை டிகிரியில் இருக்கும் மின்தடையிலிருந்து வரும் இரைச்சலுக்குச் சமம் என்று கேட்டால் போதும். இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசிக் கதைக்கு இதுதான் சாவி.

நாளுக்கு 4 நிமிடம்

அடுத்தவர் கார்ல் ஜான்ஸ்கி. 1928-இல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். அதற்கு முந்தைய ஆண்டுதான் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் நடுவே ரேடியோ வழியாகத் தொலைபேசி தொடங்கியிருந்தது. 3 நிமிடத்துக்கு 75 டாலர். அந்தக் காலத்து 75 டாலர். அவ்வளவு காசு கொடுத்துப் பேசுகிறவர் காதில் கரகரவென்று சத்தம் கேட்டால் என்ன ஆகும்? சிற்றலையில் அந்தக் கரகரப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் ஜான்ஸ்கியின் வேலை.

நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற ஊரில், ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆண்டெனா கட்டினார். ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்கள் மேல் அது 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். கூட வேலை செய்தவர்கள் அதை 'ஜான்ஸ்கியின் ராட்டினம்' என்று கூப்பிட்டாங்க.

மாதக்கணக்கில் பதிவு செய்து, இரைச்சலை மூன்றாகப் பிரித்தார். பக்கத்தில் இடிக்கிற இடி ஒன்று. தூரத்து இடி இரண்டாவது. மூன்றாவது, விடாமல் வருகிற மெல்லிய உஸ், காரணம் தெரியாதது. முதலில் அது சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வருவது போலத் தெரிந்தது. ஆனால் மாதங்கள் போகப் போக சூரியனை விட்டு விலகத் தொடங்கியது. உஸ் உச்சத்துக்கு வரும் நேரம் தினமும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னால் நகருது. 24 மணி நேரம் இல்லை, 23 மணி 56 நிமிடம்.

இந்த 4 நிமிடம் நமக்குப் புதுசு இல்லைங்க. கார்த்திகை மாதம் பொழுது சாயும்போது கிழக்கே எழுகிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், மாசியில் அதே நேரத்துக்கு உச்சிக்கு வந்து நிற்கும். ஒரு நாளைக்கு 4 நிமிடம், ஒரு மாதத்துக்கு 2 மணி நேரம். நட்சத்திரங்களின் நாள் சூரியனின் நாளைவிட அவ்வளவு குறைவு. வானியல் தெரிந்த நண்பர் ஸ்கெல்லட்டின் உதவியோடு ஜான்ஸ்கி இதைப் பிடித்துவிட்டார். இந்த உஸ் பூமியிலிருந்து வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. நட்சத்திரங்களோடு சேர்ந்து சுற்றுகிறது. திசை தனுசு ராசிப் பக்கம், அதாவது நம் பால்வீதியின் மையம் இருக்கும் பக்கம்.

1933 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இதை முதல் பக்கத்தில் போட்டது. ரேடியோ வானியல் என்ற துறையே இதிலிருந்துதான் பிறந்தது.

சரி, கம்பெனி என்ன செய்தது? கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பால்வீதியிலிருந்து வருகிற உஸ் அட்லாண்டிக் பேச்சைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிசு இல்லை, அதை நிறுத்தவும் யாராலும் முடியாது. ஜான்ஸ்கிக்கு மேற்கொண்டு ஆராய ஆசை. ஆனால் அவர் வேறு வேலைகளுக்குப் போனார். வானியலாளர்களும் ஓடி வந்து கைகொடுக்கவில்லை. இல்லினாய் மாநிலத்தில் குரோட் ரீபர் என்ற ஒரு ரேடியோ பொறியாளர்தான் 1937-இல் தன் வீட்டுப் பின்புறத்தில், சொந்தச் செலவில் ஒரு கிண்ண ஆண்டெனா கட்டி இந்த வேலையைத் தொடர்ந்தார். ஜான்ஸ்கி 1950-இல் இறந்தபோது அவருக்கு வயது 44.

இன்று வானத்து ரேடியோ மூலங்களின் வலிமையை அளக்கும் அலகுக்கே 'ஜான்ஸ்கி' என்றுதான் பெயர். நம் ஊட்டிப் பக்கம் முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கு, 1970 முதல் இயங்குது. அங்கேயும் கணக்கு ஜான்ஸ்கியில்தான்.

ஒரே ஆண்டெனா, ஒரே மூன்று டிகிரி

இப்போ அதே ஹோம்டெல்லுக்கு 30 வருஷம் கழித்து வருவோம். செயற்கைக்கோள் காலம் தொடங்கிவிட்டது. 1960-இல் எக்கோ என்று ஒரு ராட்சத பலூனை வானத்தில் விட்டாங்க. 30 மீட்டர் விட்டம், மேலே உலோகப் பூச்சு. கீழேயிருந்து அனுப்பும் ரேடியோ அலை அதில் பட்டுத் திரும்ப வரும். திரும்பி வருவது எவ்வளவு பலவீனமாக இருக்கும் என்று நினைச்சுப் பாருங்க. அதைப் பிடிக்க, சுற்றுப்புற இரைச்சல் உள்ளே நுழையாத மாதிரி கொம்பு வடிவில் ஒரு பெரிய ஆண்டெனா கட்டினார்கள். வாய் 6 மீட்டர். உள்ளே திரவ ஹீலியத்தில் குளிரவைத்த ஆம்ப்ளிஃபயர். ஜான்சன் சொன்ன பாடம்தான்: இரைச்சல் குறையணும்னா குளிர வை.

அந்தக் கருவியை அளந்து பார்த்த எட்வர்ட் ஓம் என்ற பொறியாளர் 1961-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு இரைச்சல் தரும் என்று கூட்டினால் 18.9 டிகிரி வரணும். அளந்தபோது வந்தது 22.2. மூன்று டிகிரிக்கு மேல் அதிகம். ஆனால் இரண்டு எண்களிலும் இரண்டு, மூன்று டிகிரி பிழைக்கு இடம் இருந்தது. ஆகவே இது பிழை எல்லைக்குள்தான் என்று முடிந்தது. அவர் செய்தது தப்பே இல்லைங்க. பலூனிலிருந்து வரும் குரல் கேட்கிறதா? கேட்கிறது. வேலை முடிந்தது.

பிறகு ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்று இரண்டு ரேடியோ வானியலாளர்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். 1962-இல் டெல்ஸ்டார் வந்துவிட்டது. அது தானே சமிக்ஞையைப் பெருக்கி அனுப்பும் செயற்கைக்கோள். அதனால் எக்கோவுக்காகக் கட்டிய கொம்பு ஆண்டெனா ஓய்வாக நின்றது. இவர்கள் அதை வானியலுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இவர்களுக்குத் தேவை, வானத்தின் ஒரு பகுதி எவ்வளவு இரைச்சல் தருகிறது என்ற துல்லியமான எண். சுமாரான எண் போதாது. திரவ ஹீலியத்தில் வைத்த ஒரு குளிர்ந்த மூலத்தைக் கட்டி, வானத்தையும் அதையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டார்கள். கிடைத்த கணக்கு மளிகைக்கடைச் சிட்டை மாதிரி நேராக இருந்தது.

நேர் மேலே பார்க்கும்போது மொத்த இரைச்சல் 6.7 டிகிரி கெல்வின். இதில் காற்று மண்டலத்தின் பங்கு 2.3. ஆண்டெனாவின் உலோகத்துக்கும் பின்புறமாகத் தரையிலிருந்து வருவதற்கும் சேர்த்து 0.9. கழித்தால் மீதி 3.5. அந்த 3.5-க்கு யாரிடமும் பில் இல்லை.

தேடினாங்க. நியூயார்க் நகரத்தின் பக்கம் திருப்பினால் கூடுதா? இல்லை. பருவம் மாறினால் மாறுதா? இல்லை. பால்வீதியா? அதுவானால் திசைக்குத் திசை வேறுபடணும், இது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி. ஆண்டெனாவின் உலோக இணைப்புகள்மேல் பட்டை ஒட்டினாங்க. பிரயோஜனமில்லை. உள்ளே ஒரு ஜோடிப் புறா கூடு கட்டி எச்சம் போட்டிருந்தது. புறாக்களைப் பிடித்து, கம்பெனியின் உள்தபாலில் தொலைவிலிருந்த இன்னொரு கிளைக்கு அனுப்பி விடச் சொன்னார்கள். புறா ஆச்சே, திரும்பி வந்துவிட்டது. கடைசியில் சுட்டுவிட்டார்கள். எச்சத்தைக் கழுவித் துடைத்தார்கள். இரைச்சல் கடுகளவு குறைந்தது, அவ்வளவுதான்.

அதே மாநிலத்தில், காரில் போனால் ஒரு மணி நேரத் தூரத்தில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கியின் குழு இதே இரைச்சலைத் தேட ஆண்டெனா கட்டிக்கொண்டிருந்தது. பிரபஞ்சம் கொதிநிலையில் தொடங்கியிருந்தால், அந்த வெப்பம் விரிந்து ஆறி, இன்று சில டிகிரியில் எல்லாத் திசையிலும் மிஞ்சியிருக்கணும் என்பது அவர்கள் கணக்கு. 1948-லேயே ஆல்ஃபரும் ஹெர்மனும் ஏறக்குறைய 5 டிகிரி என்று எழுதியிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. சக வானியலாளர் ஒருவர் மூலம் பிரின்ஸ்டன் செய்தி பென்சியாஸ் காதுக்கு எட்டியது. அவர் டிக்கிக்குப் போன் போட்டார். தொலைபேசிக் கம்பெனிக்காரருக்கு விடை தெரிந்ததும் ஒரு போன் காலில்தான்.

1965-இல் இரண்டு குழுக்களின் கட்டுரைகளும் அஸ்ட்ரோபிசிகல் ஜர்னலில் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. அப்போது அந்த இதழின் ஆசிரியர் சுப்ரமணியன் சந்திரசேகர். பென்சியாஸ், வில்சன் கட்டுரையில் பிரபஞ்சம் பிறந்த கதையே கிடையாது. 4080 மெகாசைக்கிளில் ஆண்டெனா வெப்பநிலை இவ்வளவு அதிகம், அவ்வளவுதான். விளக்கம் பக்கத்துக் கட்டுரையில். 1978-இல் இருவருக்கும் நோபல். பின்னால் செயற்கைக்கோள்கள் துல்லியமாக அளந்த எண் 2.725 டிகிரி.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்க. ஓம் பார்த்ததும் பென்சியாஸ், வில்சன் பார்த்ததும் ஒரே மூன்று டிகிரி. அதே கம்பெனி, அதே ஆண்டெனா. ஒருவருக்குக் கேள்வி 'லைன் வேலை செய்யுதா?' மற்றவர்களுக்குக் கேள்வி 'இந்த எண் சரியா?' முதல் கேள்விக்குக் கம்பெனி காசு கொடுப்பது இயல்பு. இரண்டாவது கேள்விக்கும் கொடுத்ததுதான் இங்கே விசேஷம்.

யார் கொடுத்த காசு?

இதைச் சொன்னவுடனே, 'ஆகா, என்ன பெருந்தன்மை' என்று தோணும். அவ்வளவு எளிது இல்லை.

ஏடி அண்ட் டி அமெரிக்காவின் தொலைபேசித் துறையில் ஏகபோகம். போன் லைனும் அவர்களுடையது, எக்ஸ்சேஞ்சும் அவர்களுடையது, உங்க வீட்டு மேஜையில் இருக்கிற போனும் அவர்களுடையது. நீங்க மாத வாடகைதான் கட்டணும். ஆய்வுச் செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள அரசின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அனுமதித்தன. ஆக, அந்த மூன்றரை டிகிரிக்குக் காசு கொடுத்தவர், மகளுக்குப் போன் போட்ட ஏதோ ஒரு அம்மாதான்.

அந்த ஏகபோகம் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு உதாரணம். ஹஷ்-ஏ-போன் என்று ஒரு பொருள். போனின் பேசும் முனையில் மாட்டுகிற ஒரு கிண்ணம், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்குப் பேச்சு கேட்காமல் மறைக்கும். வேறு யாரோ செய்த பொருளை எங்க போனில் மாட்டக்கூடாது என்று ஏடி அண்ட் டி தடுத்தது. வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 1956-இல் நீதிமன்றம் கிண்ணக்காரர் பக்கம் தீர்ப்பு சொன்னது. வானத்தைக் கேட்க ஆண்டெனா கட்டிய அதே கம்பெனி, ஒரு கிண்ணத்தைக் கோர்ட் வரை எதிர்த்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே பலம்தான்.

அதே 1956-இல் அரசோடு ஒரு சமரசத் தீர்ப்பும் வந்தது. கம்பெனி உடையாது. ஆனால் அதுவரை வாங்கிய காப்புரிமைகளை மற்றவர்களுக்கு ராயல்டி இல்லாமல் திறந்துவிடணும், தொலைபேசிக்கு வெளியே வியாபாரம் செய்யக்கூடாது. டிரான்சிஸ்டர் உட்பட எல்லாம் திறந்தது. பெல் லேப்ஸ் உலகத்துக்குப் பயன்பட்டதில் பெரும் பங்கு இந்தக் கட்டாயத்துக்கு உண்டு என்பது என் கருத்து. நல்ல மனசு மட்டும் காரணம் இல்லை.

1984-இல் ஏகபோகம் உடைந்தது. உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்கள் பிரிந்து போயின. போன் கட்டணத்தில் போட்டி வந்தது, மக்களுக்கு நல்லதுதான். ஆய்வுக்கூடத்தின் பெரும்பகுதி 1996-இல் லூசென்ட் கைக்குப் போனது, 2006-இல் அல்காடெல்-லூசென்ட் ஆனது, 2016-இல் நோக்கியாவிடம் வந்தது. நடுவில் 2008-இல் அடிப்படை இயற்பியல் ஆய்விலிருந்து விலகுவதாகச் செய்தி வந்தது. இன்றும் பெல் லேப்ஸ் இருக்கு, நெட்வொர்க் ஆய்வு நல்லா நடக்குது. ஆனால் கூடுதலாக வந்த மூன்று டிகிரியை வருஷக்கணக்கில் துரத்துகிற இடம் அது இல்லை.

அப்போ நாம என்ன எடுத்துக்கணும்?

பழைய ஏகபோகம் திரும்ப வரணும் என்று நான் சொல்லமாட்டேன். கிண்ணத்துக்குத் தடை போட்ட கம்பெனியை யார் விரும்புவாங்க? ஆனால் அதனோடு போனது என்ன என்று தெரிஞ்சுக்கணும். மூன்று விஷயம் அங்கே ஒன்றாக இருந்தது. முதலாவது, நிஜமான பிரச்சினை: யாரோ ஒருவருடைய போன் கரகரக்கிறது. இரண்டாவது, உலகத்திலேயே நல்ல கருவி. எக்கோவுக்காகக் கட்டவில்லை என்றால் அந்தக் கொம்பு ஆண்டெனாவே இருந்திருக்காது. மூன்றாவது, பிரச்சினை தீர்ந்த பிறகும் எண் ஏன் சரியாக வரவில்லை என்று உட்கார்ந்து பார்க்க நேரம்.

ஜான்ஸ்கிக்கு முதல் இரண்டும் கிடைத்தது, மூன்றாவது கிடைக்கவில்லை. பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் மூன்றும் கிடைத்தது.

இன்னைக்கும் பெரிய டெக் கம்பெனிகளில் பிரச்சினை இருக்கு, கருவியும் இருக்கு. பற்றாக்குறை மூன்றாவதில்தான். அது நம் பல்கலைக்கழகங்களுக்கும், நம் அரசு ஆய்வுக்கூடங்களுக்கும் பொருந்தும். மாணவர் ஒருவர் 'சார், எண் கொஞ்சம் கூடுதலா வருது' என்று வந்து நின்றால், 'பிழை எல்லைக்குள்தானே, ரிப்போர்ட்டை முடி' என்று சொல்வது சுலபம். பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருக்கும். எப்போதாவது ஒரு முறை, 'இன்னொரு தடவை அளந்து பார்' என்று சொல்லவும் ஒருத்தர் வேணும். அந்த இன்னொரு தடவைக்குச் செலவு ஆகும். அதை யார் கொடுப்பது என்பதை ஒரு சமூகம் முன்கூட்டியே முடிவு செஞ்சிருக்கணும்.

அந்தக் கொம்பு ஆண்டெனா ஹோம்டெல்லில் இன்னும் நிற்குது. அமெரிக்கா அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கு. பென்சியாஸ் 2024 ஜனவரியில் காலமானார்.

இன்றைய பகுதி இவ்வளவுதான். இரைச்சலை வெல்லவே முடியாது, ஆனால் அதற்கு நடுவிலேயே பிழையில்லாமல் செய்தி அனுப்ப முடியும் என்று 1948-இல் கணக்குப் போட்டுக் காட்டிய கிளாட் ஷானனும் இதே ஆய்வுக்கூடத்து ஆள்தான். அவருக்குத் தனி எபிசோடே வேணும், அடுத்த முறை அதைப் பேசுவோம். கேள்வி ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க.